குழந்தைக்கு மூட்டு வீக்கம்: அல்ட்ராசவுண்ட் போதுமா, எம்.ஆர்.ஐ. வேண்டுமா?

காலையில் எழுந்ததும் பிள்ளை சாய்ந்து சாய்ந்து நடக்கிறது. கொஞ்ச நேரம் போனால் சரியாகி ஓடியாடுகிறது. அடிபட்ட ஞாபகம் யாருக்கும் இல்லை. முழங்கால் மட்டும் உப்பலாகவே இருக்கிறது. 16 வயதுக்குள் தொடங்கி, ஆறு வாரத்துக்குக் குறையாமல் நீடித்து, வேறு காரணமும் அகப்படாத மூட்டழற்சியைச் சிறார் மூட்டுவாதம் என்கிறார்கள். அந்தப் பெயர் வருவதற்கு முன்னாலேயே ஸ்கேன் பேச்சு வந்துவிடும். ஒரு மருத்துவர் அல்ட்ராசவுண்ட் எழுதிக் கொடுத்திருப்பார், இன்னொருவர் எம்.ஆர்.ஐ. பார்த்துவிடலாம் என்றிருப்பார். நடுவில் நிற்கும் பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: கதிர்வீச்சு இல்லாத இரண்டில் எது என் பிள்ளைக்குச் சரி?

எம்.ஆர்.ஐ. ‘பெரிய’ ஸ்கேன், அல்ட்ராசவுண்ட் ‘சின்ன’ ஸ்கேன் என்ற கணக்கு இங்கே செல்லாது. எந்த மூட்டு, என்ன கேள்வி, பதில் கிடைத்தால் சிகிச்சை மாறுமா என்ற மூன்றும்தான் தேர்வைத் தீர்மானிக்க வேண்டும் என்பது என் கருத்து. சிகிச்சையை மாற்றாத ஒரு படத்துக்காகப் பிள்ளையை மயக்கத்தில் படுக்க வைப்பது வீண். மாற்றக்கூடிய படத்தை மயக்க மருந்துக்குப் பயந்து தள்ளிப்போடுவது அதைவிட மோசம்.

## எதைப் பார்க்கப் படம் எடுக்கிறோம்

மூட்டின் உட்புறத்தை ஒரு மெல்லிய சவ்வு சுற்றியிருக்கிறது. அழற்சி வந்தால் அது தடிக்கும், அதில் புதிதாக இரத்தக் குழாய்கள் முளைக்கும், மூட்டுக்குள் நீர் கோர்க்கும். பக்கத்தில் ஓடும் தசைநாணின் உறையும் வீங்கலாம். சில பிள்ளைகளுக்கு எலும்பின் உள்ளே மஜ்ஜையிலும் வீக்கம் தெரியும். அடங்காமல் நீண்டால் குருத்தெலும்பு தேயும், எலும்பு அரிக்கும், வளர்ச்சி கோணலாகும். முதலில் சொன்னவை மருந்தால் திரும்பக்கூடியவை. கடைசியில் சொன்னவை பெரும்பாலும் திரும்பாதவை. முன்னதைப் பிடித்தால் பின்னதைத் தடுக்கலாம் என்பதுதான் ஸ்கேன் எடுப்பதன் முழு நியாயமும்.

இரண்டையும் எதை வைத்து எடைபோடுவது? அந்த மூட்டுக்குள் கருவியின் பார்வை எட்டுமா. எட்டினால் நீர், சவ்வு, எலும்பு மஜ்ஜை ஆகியவற்றில் எது தெரியும். பிள்ளை அசையாமல் இருக்க வேண்டுமா, ஊசி உண்டா, மயக்க மருந்து உண்டா. மூன்று மாதம் கழித்துத் திரும்ப எடுக்க முடியுமா. பார்த்துச் சொல்பவருக்குக் குழந்தை மூட்டுகள் பழக்கமா. கடைசிக் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை, ஆனால் முடிவு பிசகுவது அங்கேதான் அதிகம்.

## எக்ஸ்-ரே பற்றி ஒரு வார்த்தை

கதிர்வீச்சு வேண்டாம் என்று கிளம்பும்போது எக்ஸ்-ரேயை வில்லனாக்கிவிட வேண்டாம். கை அல்லது முழங்காலை ஒருமுறை எக்ஸ்-ரே எடுத்தால் உடம்பில் சேர்வது ஏறத்தாழ 0.001 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நாம் எல்லோரும் வாங்கிக்கொள்ளும் இயற்கைக் கதிர்வீச்சு உலக சராசரியில் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். அதாவது சும்மா உட்கார்ந்திருந்தாலே சில மணி நேரத்தில் சேரும் அளவுதான் அந்த எக்ஸ்-ரேயில் இருக்கிறது. சி.டி. ஸ்கேனும் கதிரியக்க மருந்து செலுத்தி எடுக்கும் எலும்பு ஸ்கேனும் வேறு வகை. அவற்றின் அளவு பல மடங்கு அதிகம், அங்கே தயங்குவதில் அர்த்தம் இருக்கிறது.

சின்னப் பிள்ளையின் மூட்டழற்சிக்கு எக்ஸ்-ரே பின்வரிசைக்குப் போவது அதன் கதிர்வீச்சால் அல்ல, அழற்சி அதில் தெரியாது என்பதால். பிறக்கும்போது மணிக்கட்டின் சிற்றெலும்புகள் எல்லாமே குருத்தெலும்பாகத்தான் இருக்கின்றன. ஒவ்வொன்றாக எலும்பாக மாறிக் கடைசி எலும்பு தெரிய ஏறக்குறைய 10, 12 வயதாகிவிடும். இன்னும் எலும்பாகாததில் அரிப்பை எக்ஸ்-ரே எப்படிக் காட்டும்? ஆனால் எலும்பு முறிவு, கால் நீளத்தில் வேறுபாடு, கழுத்து முள்ளெலும்பு அசைவில் நிலைகுலைவு, எலும்பில் வேறு நோயின் அடையாளம் என்று சந்தேகம் வந்து மருத்துவர் எக்ஸ்-ரே கேட்டால் மறுக்காதீர்கள்.

## அல்ட்ராசவுண்ட்

பிள்ளை அம்மா மடியிலோ மேசையிலோ இருக்கலாம், பேசலாம், பொம்மையோடு விளையாடலாம். பட்டினி இல்லை, ஊசி இல்லை. ஒரே அமர்வில் இரண்டு முழங்கால், இரண்டு கணுக்கால், மணிக்கட்டு என்று வரிசையாகப் பார்த்துவிடலாம். வலிக்கும் பக்கத்தை வலிக்காத பக்கத்தோடு அங்கேயே ஒப்பிடலாம்.

முழங்காலைப் பார்க்கும் விதத்தைக் கவனித்தால் இதன் சூட்சுமம் புரியும். முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்துக் காலைச் சற்றே மடக்கிவிடுவார்கள். ஜெல் தடவி, முழங்கால் சில்லுக்கு மேலே புரோபை (ஒலி அலை அனுப்பும் கைக்கருவி) வைத்தால், தொடைத் தசையின் நாணுக்கு அடியில் ஒரு பள்ளம் திரையில் தெரியும். அங்கே கருப்புப் பட்டை தெரிந்தால் நீர். சாம்பல் நிறத்தில் திரளாகத் தெரிந்தால் தடித்த சவ்வு. புரோபை மெதுவாக அழுத்தினால் கருப்பு நழுவி ஓடும், சாம்பல் அப்படியே நிற்கும். பிறகு இரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் டாப்ளரைப் போடுவார்கள். சாம்பல் திரளுக்குள் செம்மஞ்சள் புள்ளிகள் மினுங்கினால் அங்கே இரத்தம் பாய்கிறது, அழற்சி உயிரோடு இருக்கிறது என்று பொருள். இந்த நேரத்தில் புரோபை அழுத்திப் பிடித்தால் நுண்ணிய குழாய்கள் நசுங்கி, இருக்கும் நிறமும் மறைந்துவிடும். ஆகவே கை லேசாக இருக்க வேண்டும். கருவி ஒன்றேதான், பிடிக்கும் கைக்கேற்பப் படம் மாறும்.

மறைந்திருக்கும் விலை இங்கேதான். வளரும் பிள்ளையின் எலும்பு நுனிகளில் குருத்தெலும்புக்குள்ளேயே இரத்தக் குழாய்கள் ஓடும், அது இயல்பு. பெரியவர்களின் மூட்டை மட்டுமே பார்த்துப் பழகியவர் அந்த நிறப் புள்ளிகளை அழற்சி என்று எழுதிவிடலாம். டாப்ளர் நிறம் தடித்த சவ்வுக்குள் இருந்தால்தான் மூட்டழற்சிக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று குழந்தைகளுக்கான அல்ட்ராசவுண்ட் வரையறை சொல்வது இதனால்தான். டாப்ளர் பார்த்தீர்களா, நிறம் எதற்குள் தெரிந்தது என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. ‘முழங்காலில் லேசாக நீர்’ என்று ஒற்றை வரியில் முடியும் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு மருத்துவரால் அதிகம் செய்ய முடியாது.

இரண்டாவது குறை, ஒலி அலை எலும்பைத் தாண்டாது. எலும்பு மஜ்ஜை தெரியாது. மூட்டின் ஆழத்தில் இரண்டு எலும்புகள் முகம் பார்க்கும் இடம் தெரியாது. தாடை மூட்டு, இடுப்பெலும்பும் முதுகெலும்பின் அடிப்பகுதியும் சேரும் மூட்டு (இடுப்பின் பின்புற மூட்டு), கழுத்து முள்ளெலும்பு ஆகிய மூன்றும் இதன் எல்லைக்கு வெளியே நிற்பவை என்று வைத்துக்கொள்ளலாம்.

அல்ட்ராசவுண்டுக்கு மாற்றே இல்லாத இடம் கணுக்கால். வெளியே பார்த்தால் ஒரே வீக்கம். உள்ளே காலெலும்புக்குக் கீழே உள்ள மூட்டா, அதற்கும் கீழே இருப்பதா, உள்பக்கமோ வெளிப்பக்கமோ ஓடும் தசைநாண் உறையா என்பது கையால் தொட்டால் பிடிபடாது. மூட்டு என்று நினைத்தது பல பிள்ளைகளுக்குத் தசைநாண் உறையாக இருக்கும். ஸ்டீராய்டு ஊசி போடப் போகிறார்கள் என்றால் அது எந்த அறைக்குள் போக வேண்டும் என்பதே கேள்வி. திரையைப் பார்த்துக்கொண்டே ஊசியை நகர்த்தலாம் என்ற வசதியும் இதில் மட்டும்தான் இவ்வளவு சுலபம்.

## எம்.ஆர்.ஐ.

கதிர்வீச்சு இல்லாத கருவிகளில் முழுமையான படம் தருவது இதுதான். நீர், சவ்வு, குருத்தெலும்பு, தசைநாண், எலும்பு மஜ்ஜை எல்லாம் ஒரே படத்தொகுதியில் கிடைக்கும். மஜ்ஜை வீக்கத்தை இதை விட்டால் பார்க்க வேறு நல்ல வழியில்லை. ஆழமான மூட்டும் ஒன்றுதான், மேலோட்டமான மூட்டும் ஒன்றுதான். எடுப்பவரின் கையை நம்பியிருப்பதும் குறைவு, ஆகவே ஆறு மாதம் கழித்து எடுத்த படத்தோடு வைத்து ஒப்பிட முடியும். முழங்காலுக்கென்று சிறார் எம்.ஆர்.ஐ. மதிப்பெண் முறையே உருவாக்கப்பட்டிருக்கிறது.

மறைந்திருக்கும் விலை மூன்று. ஒன்று, அசையாமல் கிடப்பது. ஒரு மூட்டுக்குச் சுமார் 30 முதல் 45 நிமிடம் பிடிக்கும். குழாய்க்குள் சம்மட்டி அடிப்பதுபோல் சத்தம், அதனால் காதுக்கு அடைப்பு கட்டாயம். முழங்கால், கணுக்கால் என்றால் தலை வெளியே இருக்கும்படி படுக்கவைக்க முடியும். ஐந்தாறு வயதுக்கு உட்பட்ட பல பிள்ளைகளால் அப்படியும் அசையாமல் கிடக்க முடியாது, மயக்கம் தேவைப்படும். மயக்கம் என்றால் திட உணவு இல்லாமல் 6 மணி நேரம், மயக்க மருத்துவர், விழிக்கும்வரை கண்காணிப்பு என்று ஒரு நாள் போய்விடும்.

பெற்றோரை உறங்கவிடாத கேள்வி, மயக்க மருந்து மூளையைப் பாதிக்குமா என்பது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016 டிசம்பரில் விட்ட எச்சரிக்கை, 3 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு 3 மணி நேரத்துக்கு மேலோ திரும்பத் திரும்பவோ கொடுக்கும் மயக்கத்தைப் பற்றியது. குறைந்த நேரம் ஒருமுறை கொடுப்பதால் கற்றலிலோ நடத்தையிலோ பாதிப்பு வர வாய்ப்பில்லை என்றே அதே அறிக்கை சொல்கிறது. ஒரு எம்.ஆர்.ஐ.க்கான மயக்கத்தை நினைத்து நடுங்க வேண்டியதில்லை. ஆனால் ‘மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்போம்’ என்று இரண்டு வயதுப் பிள்ளைக்கு யாராவது சொன்னால் ஏன் என்று கேட்க வேண்டும்.

இரண்டு, காடோலினியம். மூட்டுக்குள் இருப்பதில் நீர் எது, தடித்த சவ்வு எது என்று பிரித்துக் காட்ட நரம்பு வழியாக ஏற்றும், காடோலினியம் என்ற உலோகம் அடங்கிய மருந்து இது. சவ்வில் இரத்த ஓட்டம் அதிகம் என்பதால் அது பளிச்சென்று ஒளிரும், நீர் கருத்தே இருக்கும். சில நிமிடத்தில் மருந்து நீருக்குள்ளும் கசிந்து பரவத் தொடங்கும். தாமதித்து எடுத்தால் சவ்வு உண்மையைவிடத் தடிப்பாகத் தெரியும். அதனால் மருந்து ஏற்றிய முதல் சில நிமிடங்களுக்குள் படம் எடுப்பது முக்கியம்.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்த மருந்தால் தோல் இறுகும் கடுமையான நோய் வருவது 2006 வாக்கில் தெரியவந்தது. ஆகவே சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களின் மூளையிலும் இது மிகச் சிறிய அளவில் தங்குவது 2014 முதல் வெளிவந்த ஆய்வுகளில் தெரிந்தது. அப்படித் தங்குவதால் நோய் வந்ததாக நிரூபணம் இல்லை. இருந்தாலும் 2017-ல் ஐரோப்பிய மருந்து முகமை, எளிதில் பிரியக்கூடிய நேர்கோட்டு வகை மருந்துகள் பலவற்றை நிறுத்திவைத்தது. வளைய வடிவ வகை உலோகத்தை இறுகப் பிடித்துக்கொள்கிறது, குறைவாகத் தங்குகிறது. ‘வளைய வகை மருந்துதானே?’ என்று ஸ்கேன் மையத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

மூன்றாவது விலையை யாரும் பில்லில் போடுவதில்லை. இயல்பாக இருப்பதை நோய் என்று காட்டிவிடும் அபாயம் அது. நோயே இல்லாத பிள்ளைகளின் மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, பலருக்கு எலும்பில் அரிப்புபோலத் தோன்றும் குழிகளும், மஜ்ஜை வீக்கம்போலத் தோன்றும் வெளிச்சமும் இருந்தன. தாடை மூட்டில் சிறிதளவு நீரும் மருந்து ஏற்றியபின் மெல்லிய ஒளிர்வும் ஆரோக்கியமான பிள்ளைகளிலும் உண்டு. இடுப்பின் பின்புற மூட்டில் வளர்ச்சிப் பருவத்துக்கே உரிய வெளிச்சப் பட்டை ஒன்று இருக்கும், பழகாத கண்ணுக்கு அது அழற்சி. நுணுக்கமாகப் பார்க்கும் கருவி, தவறாக நினைக்கவும் நுணுக்கமாக வாய்ப்புத் தருகிறது. குழந்தை மூட்டைப் படித்துப் பழகிய கதிரியல் மருத்துவர் இல்லையென்றால், எடுத்த படங்களை இன்னொரு மருத்துவமனைக்கு அனுப்பிப் படிக்கச் சொல்லலாம். அல்ட்ராசவுண்டில் அது முடியாது, எடுத்தவர் கண்டதே கண்டது.

### மருந்து ஏற்றாத எம்.ஆர்.ஐ.

‘ஊசி இல்லாமல் எடுக்க முடியுமா?’ சில இடங்களில் தாராளமாக முடியும். இடுப்பின் பின்புற மூட்டுக்குக் கொழுப்பின் வெளிச்சத்தை அடக்கி எடுக்கும் படங்களே பெரும்பாலும் போதும். அங்கே தேடுவது மஜ்ஜை வீக்கத்தை, அதற்குக் காடோலினியம் தேவையில்லை. முழங்காலில் நீர் மூலக்கூறுகள் பரவும் விதத்தை அளந்து சவ்வையும் நீரையும் பிரிக்கும் முறை ஆய்வுகளில் நம்பிக்கை தருகிறது. ஆனால் லேசான சவ்வுத் தடிப்பைப் பிடிப்பதில் மருந்து ஏற்றிய படத்துக்கு இன்னும் ஈடாகவில்லை என்றே நினைக்கிறேன். தாடை மூட்டுக்கு மருந்தோடு எடுப்பதே இன்றைய வழக்கம்.

உடல் முழுவதையும் ஒரே மூச்சில் எடுக்கும் எம்.ஆர்.ஐ. உண்டு. பல இடங்களில் எலும்பு வலி, காரணம் புரியாத காய்ச்சல், கிருமி இல்லாமலே எலும்பில் அழற்சி வரும் நோய் ஆகியவற்றைத் தேடுவதற்கு அது அருமை. விரல் மூட்டுகள் மாதிரிச் சின்ன இடங்களுக்குத் துல்லியம் போதாது.

## ஒரு பார்வையில்

| கேள்வி | அல்ட்ராசவுண்ட் | மருந்துடன் எம்.ஆர்.ஐ. | மருந்தில்லா எம்.ஆர்.ஐ. |
|---|---|---|---|
| மூட்டு நீர் | நன்றாகத் தெரியும் | நன்றாகத் தெரியும் | நன்றாகத் தெரியும் |
| சவ்வுத் தடிப்பு | தெரியும், டாப்ளர் வேண்டும் | மிகத் தெளிவு | நீரோடு குழம்பலாம் |
| தசைநாண் உறை | மிகத் தெளிவு | தெளிவு | ஓரளவு |
| எலும்பு மஜ்ஜை | தெரியாது | தெரியும் | தெரியும் |
| தாடை, இடுப்பின் பின்புற மூட்டு | போதாது | இரண்டுக்கும் ஏற்றது | பின்புற மூட்டுக்குப் போதும் |
| ஒரே நாளில் பல மூட்டு | சுலபம் | கடினம் | முழு உடல் ஸ்கேன் மட்டும் |
| சின்னப் பிள்ளைக்கு மயக்கம் | வேண்டாம் | பெரும்பாலும் வேண்டும் | பெரும்பாலும் வேண்டும் |
| ஊசி | இல்லை | உண்டு | மயக்கம் கொடுத்தால் மட்டும் |
| அடிக்கடி எடுப்பது | தடையில்லை | யோசிக்க வேண்டும் | மயக்கத்தைப் பொறுத்தது |
| படத்தை வேறொருவர் படிக்க | முடியாது எனலாம் | முடியும் | முடியும் |

## மற்ற கருவிகள்

தோலின் வெப்பத்தைப் படமெடுக்கும் அகச்சிவப்புக் கேமரா கவர்ச்சியான யோசனை. தொடவே வேண்டாம், நொடியில் முடியும். முழங்காலிலும் கணுக்காலிலும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஆனால் அறையின் சூடு, பிள்ளை ஓடிவந்த களைப்பு எல்லாம் கணக்கைக் கெடுக்கும். இடுப்பு போன்ற ஆழமான மூட்டு அதற்குத் தெரியவே தெரியாது. பச்சை நிறச் சாயம் ஒன்றை நரம்பில் ஏற்றி, கையில் அது ஒளிர்வதைப் படமெடுக்கும் முறையும் உண்டு. அதில் கைகளை மட்டுமே பார்க்க முடியும், ஊசியும் தப்பவில்லை. இவற்றை யாராவது ‘எம்.ஆர்.ஐ.க்குப் பதில்’ என்று சொன்னால், இன்றைக்கு இல்லை என்பதே பதில்.

## எந்த மூட்டுக்கு எது

முழங்கால். முதலில் அல்ட்ராசவுண்ட். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அத்தோடு போதும். ஒரே ஒரு முழங்கால் மட்டும் வீங்கி, சிகிச்சைக்கும் அடங்காமல் இருந்தால் மருந்துடன் எம்.ஆர்.ஐ. சவ்வில் வளரும் கட்டி, இரத்தக் குழாய்ப் பிறவிக் கோளாறு, காசநோய் ஆகியவை மூட்டுவாத வேடத்தில் வருவதுண்டு. முள் குத்தி உள்ளே தங்கியிருந்தால் அதைக் கண்டுபிடிப்பதில் அல்ட்ராசவுண்டே கெட்டி.

கணுக்கால், மணிக்கட்டு, விரல்கள். அல்ட்ராசவுண்ட். மணிக்கட்டில் எலும்பு அரிப்பா என்று சந்தேகம் வந்து, அதனால் வலுவான மருந்துக்கு மாறுவதா என்ற கேள்வி இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். ‘அரிப்பு’ என்ற சொல்லை மட்டும் அங்கே சற்று நிதானமாக வாசிக்க வேண்டும்.

தொடையெலும்பு சேரும் இடுப்பு மூட்டு. நீர் இருக்கிறதா என்பதற்கு அல்ட்ராசவுண்ட், இரண்டு பக்கமும் பார்த்து. ஏன் என்பதற்கு எம்.ஆர்.ஐ. தொடையெலும்புத் தலைக்கு இரத்த ஓட்டம் நின்றுபோகும் நோயும் இந்த வயதில் நொண்டலாகத்தான் தொடங்கும்.

தாடை மூட்டு. இங்கே நான் தயக்கமே இல்லாமல் எம்.ஆர்.ஐ. பக்கம். வலியே இல்லாமல் அழற்சி ஓடிக்கொண்டிருக்கும். கீழ்த்தாடை வளரும் இடம் மூட்டுப் பரப்பிலேயே இருப்பதால், கவனிக்காமல் விட்டால் தாடை பின்தங்கி, முகம் ஒரு பக்கமாகக் கோணும். வாய் முழுசாகத் திறக்கவில்லை, திறக்கும்போது ஒரு பக்கம் இழுக்கிறது என்றால் மயக்கத்துக்குப் பயந்து ஒத்திப்போட வேண்டாம்.

இடுப்பின் பின்புற மூட்டு. பதின்ம வயதை நெருங்கும் பிள்ளைக்கு, அதிலும் பையனுக்கு, குதிகாலிலும் இடுப்பின் பின்பக்கமும் காலை நேர வலி என்றால் எம்.ஆர்.ஐ., பெரும்பாலும் மருந்தில்லாமல். இந்த வயதில் மயக்கமும் வேண்டாம். அல்ட்ராசவுண்டில் நேரம் வீணாகும்.

## ஸ்கேனில் இருக்கிறது, பிள்ளையோ விளையாடுகிறது

கடினமான இடம் இதுதான். மருந்து வேலை செய்கிறது, வீக்கம் இல்லை, வலி இல்லை. வழக்கமான பரிசோதனையில் எடுத்த அல்ட்ராசவுண்டில் மட்டும் லேசான சவ்வுத் தடிப்பும் இரண்டு டாப்ளர் புள்ளியும். 2015-ல் ஐரோப்பிய மூட்டுவாத அமைப்புகள் வெளியிட்ட வழிகாட்டல், கையால் பரிசோதிப்பதைவிட அல்ட்ராசவுண்டும் எம்.ஆர்.ஐ.யும் மூட்டழற்சியைக் கூடுதலாகக் கண்டுபிடிக்கும் என்று ஒப்புக்கொள்கிறது. ஆனால் அப்படிக் கூடுதலாகக் கண்டது நாளைக்கு நோயாகத் திரும்புமா என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. சில ஆய்வுகளில் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு நோய் அதிகம் திரும்பியது, சிலவற்றில் வித்தியாசமே இல்லை.

என் சாய்வு இது. அந்த ஒரு படத்தை மட்டும் வைத்து மருந்தைக் கூட்ட வேண்டாம். அதே சமயம், அடுத்த மாதம் மருந்தை நிறுத்தலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தால் அந்த யோசனையைக் கொஞ்சம் தள்ளிவைத்து, சில வாரம் கழித்து அதே கையால் திரும்பப் பார்க்கச் சொல்லலாம். இதைத் தெளிவுபடுத்த மயக்கம் கொடுத்து எம்.ஆர்.ஐ. எடுப்பது எனக்குச் சம்மதமில்லை. இன்னொரு மருத்துவர் மாறுபடலாம், அவர் காரணம் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

## ஒப்பீட்டுக்கே இடமில்லாத நேரங்கள்

கடும் காய்ச்சல், ஒரே மூட்டில் தொட முடியாத வலி, காலை ஊன்றவே மறுக்கும் பிள்ளை: இது மூட்டுக்குள் சீழாக இருக்கலாம். எந்த ஸ்கேன் என்று யோசிக்காமல் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். அங்கே அல்ட்ராசவுண்டில் நீர் தெரியும். அது சீழா இல்லையா என்பதை ஊசியால் எடுத்துச் சோதித்தால்தான் சொல்ல முடியும், எவ்வளவு நல்ல படமும் சொல்லாது.

இன்னொன்று, வீக்கம் கொஞ்சம்தான், வலியோ இரவில் எழுப்பிவிடுகிறது. பிள்ளை வெளிறிப் போயிருக்கிறது, எடை குறைகிறது, இரத்த அணுக்களின் எண்ணிக்கை சரியாக இல்லை. இரத்தப் புற்றுநோய் மூட்டுவலியாகத் தலைகாட்டுவதுண்டு. இந்த நிலையில் ஸ்டீராய்டு கொடுத்தால் நோய் சில காலம் மறைந்து, கண்டுபிடிப்பது தாமதமாகும். மஜ்ஜையைக் காட்டும் எம்.ஆர்.ஐ.யும் மஜ்ஜைப் பரிசோதனையும் முதலில், மற்றவை அப்புறம்.

## நேரம் குறிப்பதற்கு முன்

எழுதிக் கொடுத்த மருத்துவரிடம், ‘இந்தப் படத்தில் என்ன தெரிந்தால் என்ன செய்வீர்கள், தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள்?’ என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் ஸ்கேன் அவசரமில்லை. எம்.ஆர்.ஐ. என்றால், எந்த மூட்டு, மருந்து உண்டா, ஏன் என்பதைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். ‘முழங்கால் எம்.ஆர்.ஐ.’ என்று மட்டும் இருந்தால், விளையாட்டில் அடிபட்ட முழங்காலுக்கு எடுப்பதுபோல் மருந்தில்லாமல் எடுத்து அனுப்பிவிடுவார்கள். அப்புறம் இரண்டாவது மயக்கம்.

மயக்கம் கொடுக்கத்தான் வேண்டும் என்றால், அதே மயக்கத்தில் செய்துவிடக்கூடியது வேறு என்ன இருக்கிறது என்று கேளுங்கள். மூட்டு ஊசி, இரத்தப் பரிசோதனை, இன்னொரு மூட்டின் படம் எல்லாம் சேரலாம். ஆறேழு வயதுப் பிள்ளை என்றால் மயக்கமில்லாமல் முயன்று பார்க்கச் சம்மதிக்கும் மையம் எது என்று விசாரியுங்கள். எம்.ஆர்.ஐ. சத்தத்தை முந்தின வாரமே கைபேசியில் போட்டுக் காட்டி, அசையாமல் படுக்கும் விளையாட்டை வீட்டில் நாலு தடவை விளையாடிய பிள்ளைகள் பலர் மயக்கமில்லாமலே படுத்துவிடுகிறார்கள்.

அல்ட்ராசவுண்ட் என்றால் முடிந்தவரை ஒரே மருத்துவரிடம், ஒரே கருவியில், காய்ச்சலும் சளியும் இல்லாத நாளில். பழைய ரிப்போர்ட்டையும் படங்களையும் கையோடு எடுத்துப் போங்கள். போன தடவை பார்த்த அதே இடத்தில், அதே மடக்கில் அவர் அளந்தால்தான் இந்தத் தடவை கூடியதா குறைந்ததா என்று சொல்ல முடியும்.